நாளைக்கு மூன்று அதிகாரம்

வாத்தியாரம்மா என்பதால் ஒரு கணக்கோடு தொடங்குகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேதாகமத்தில் 66 புத்தகங்கள் இருக்கின்றன. பழைய ஏற்பாட்டில் 929 அதிகாரங்கள், புதிய ஏற்பாட்டில் 260. ஆக மொத்தம் 1,189. திங்கள் முதல் சனி வரை நாளைக்கு மூன்று அதிகாரம், ஞாயிற்றுக்கிழமை ஐந்து என்று வைத்துக்கொண்டால் வாரத்துக்கு 23 ஆகிறது. 52 வாரத்தில் 1,196. அதாவது, ஓராண்டில் முழு வேதமும் முடிந்து ஏழு அதிகாரத்துக்கு இடம் மிச்சமும் இருக்கிறது. நடுவில் இரண்டு நாள் காய்ச்சலில் படுத்தாலும் கணக்கு குறையாது. (கத்தோலிக்கர் வேதத்தில் 73 புத்தகங்கள், அவர்களுக்கு இன்னும் சில வாரங்கள் கூடும்.)

“இது வேதக்காரர்களுக்குச் சொல்லும் சங்கதி, நமக்கென்ன?” என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். ஒரு நூலை முதலிலிருந்து கடைசிவரை ஓதி முடிக்கும் வழக்கம் எல்லாச் சமயத்திலும் உண்டு. சிவனடியார்கள் கூடித் திருவாசகத்தை முற்றோதல் செய்கிறார்கள். ரமலான் இரவுகளில் குர்ஆனை முப்பது பாகமாகப் பிரித்து ஓதி முடிக்கும் பள்ளிவாசல்கள் உண்டு. சிங்கப்பூரில் சிராங்கூன் ரோட்டில் நடந்து பார்த்தால் தெரியும். வீரமாகாளியம்மன் கோயிலும், டன்லப் ஸ்திரீட்டில் அப்துல் கபூர் பள்ளிவாசலும், செலிகி ரோட்டுக்குப் பக்கத்தில் ஷார்ட் ஸ்திரீட் தமிழ் மெதடிஸ்ட் திருச்சபையும் ஒன்றுக்கொன்று நடந்துபோகும் தூரம்தான். அந்தத் திருச்சபையின் தொடக்கம் 1887 என்றால், தமிழர்கள் அந்த ஊரில் எத்தனை காலமாக வேதம் வாசிக்கிறார்கள் என்று பாருங்கள்!

எங்கள் குடும்பத்தில் இந்த வாசிப்பு எப்படித் தொடங்கியது என்பதைச் சொல்கிறேன்.

அப்பா காலமான பிறகு, நாங்கள் இருந்த ஜொகூர்த் தோட்டத்தின் ஒரு பகுதி வீடமைப்புக்காக விற்கப்பட்டது. எங்கள் லயமும் இடிபட்டது. என் தம்பி அம்மாவைச் சிங்கப்பூருக்கு அழைத்துப் போய், தோ பாயோவில் பதினோராவது மாடி வீட்டில் வைத்துக்கொண்டான். குறை சொல்ல ஒன்றுமில்லை. மின்தூக்கி உண்டு, மருந்தகம் கீழேயே உண்டு, மருமகள் தங்கமானவள். ஆனால் முப்பது வருடம் பால்மரம் வெட்டிய அம்மா, நாலு லயத்துக்கும் கேட்கும்படி பேசிய அம்மா, மெல்ல மெல்லப் பேச்சையே விட்டுவிட்டார். தொலைபேசியில் அழைத்தால், “சாப்பிட்டேன், தூங்கினேன்” என்பதோடு சரி. தம்பி பயந்து போனான். நானும்தான்.

ஒருநாள் அம்மாவே ஒரு வார்த்தை சொன்னார். “கோயில்ல வாராவாரம் ஒரு வாய் ஊட்டி விடுறாங்க பாப்பா. முழுசா ஒரு தடவ கேக்கணும். எனக்குத்தான் எழுத்து தெரியாதே.”

அந்த ஜனவரி முதல் தேதி தொடங்கினோம். இரவு எட்டு மணிக்கு நான் ஜொகூரிலிருந்து வாட்ஸ்அப்பில் அழைப்பேன். அம்மா சன்னல் பக்கம் நாற்காலி போட்டுக்கொண்டு கேட்பார். மூன்று அதிகாரத்துக்கு அரைமணி நேரம் போதும்.

ஓராண்டில் படித்து முடிக்கும் அட்டவணை நான் கண்டுபிடித்ததல்ல. ஸ்காட்லாந்து நாட்டில் டண்டீ என்னும் ஊரில் ராபர்ட் மர்ரே மெக்செய்ன் என்ற இளம் போதகர், 1842-இல் தம் சபையாருக்கு நாள்வாரியாக ஓர் அட்டவணை போட்டுக் கொடுத்தார். நாளைக்கு நாலு அதிகாரம். பழைய ஏற்பாடு ஒரு முறை, புதிய ஏற்பாடும் சங்கீதங்களும் இரண்டு முறை. மறு ஆண்டே, முப்பது வயது நிறையுமுன் அவர் இறந்துபோனார். அட்டவணை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அதைக் கொடுக்கும்போதே அதிலுள்ள அபாயங்களையும் அவர் எழுதி வைத்தார். வெறும் சடங்காகிவிடலாம், படித்துவிட்டோம் என்ற கர்வம் வரலாம், கவனமில்லாமல் ஓட்டிவிடலாம், சுமக்க முடியாத நுகமாகவும் ஆகலாம். வகுப்பு நடத்துகிற எவருக்கும் இந்த நாலும் பழக்கமானவைதான்!

எங்கள் வாசிப்பைக் காப்பாற்றியது அம்மாவின் கேள்விகள். நான் வாசித்தது 1871-இல் பவர் ஐயர் குழுவினர் முடித்த பழைய திருப்புதல். அதில் நியாயப்பிரமாணம், ஆசரிப்புக் கூடாரம் என்றெல்லாம் வரும். “அப்படின்னா என்ன?” என்று அம்மா நிறுத்திவிடுவார். எழுத்தறியாதவருக்கு ஒரு சொல்லை விளக்குவது, பயிற்சிக் கல்லூரியில் எனக்கு யாரும் வைக்காத பரீட்சை. 1995-இல் வந்த திருவிவிலியத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். தரங்கம்பாடியில் 1706-இல் வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர், திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் அ, ஆ எழுதிப் பழகியவர். அப்படிப் பழகியவர்தான் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி, 1715-க்குள் அச்சிட்டும் முடித்தார். அதை நினைத்தால் நம் சிரமம் சிரமமே அல்ல.

அட்டவணையின் பெரிய நன்மை என்ன தெரியுமா? நமக்குப் பிடித்ததை மட்டும் பொறுக்கிப் படிக்க அது விடுவதில்லை. ஜனவரி முடியுமுன் லேவியராகமம் வந்துவிடும்; பலியும் சட்டமுமாகப் போகும். பலர் அங்கேயே நின்றுவிடுவார்கள். அதைத் தாண்டினால்தான், பிப்ரவரிக் கடைசியில் உபாகமம் 24 வரும். கூலிக்காரனுடைய அன்றைய கூலியைப் பொழுது சாய்வதற்குள் கொடுத்துவிட வேண்டும் என்ற சட்டம் அங்கே இருக்கிறது. அதைக் கேட்டதும் அம்மா, “இத எந்தத் தொரையும் படிக்கலையா?” என்றார். பிறகு அரைமணி நேரம் அம்மாதான் பேசினார். மழை பெய்தால் மரம் வெட்ட முடியாது, வெட்டாவிட்டால் சம்பளம் இல்லை. அப்படிப்பட்ட மாதங்களில் எங்களுக்குச் சோறு போட்ட கதையை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

மார்ச்சில் ரூத் வந்தாள். பிழைக்க வந்த ஊரில், அறுவடையான வயலில் கதிர் பொறுக்கி மாமியாரைக் காப்பாற்றியவள். “நானும் ஒட்டுப்பால் பொறுக்கினவதான்” என்றார் அம்மா. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைக் கோயிலுக்குக் கூட்டிப்போய்விட்டுத் தேக்கா பக்கம் வந்தோம். தமிழ்நாட்டிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வேலைக்கு வந்த பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக நின்று ஊருக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். அம்மா வெகுநேரம் அவர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஏப்ரலில் நாளாகமம். முதல் ஒன்பது அதிகாரமும் பெரும்பாலும் பெயர்ப் பட்டியல்தான். “இது வெறும் பேருதாம்மா, விட்டுடலாமா?” என்று கேட்டேன். “விடாத. நம்ம ஆளுங்க பேரு செக்ரோல்ல மட்டுந்தான் இருந்துச்சு. அதையும் கிழிச்சுப் போட்டுருப்பாங்க. இவங்க பேராவது இருக்கட்டும், படி” என்றார். அந்த வாரத்தில் அம்மா தன் பாட்டி, பூட்டி வரைக்கும் பெயர் சொன்னார். புத்தகத்தின் கடைசி வெற்றுத்தாளில் அத்தனையும் எழுதி வைத்தேன்.

ஆகஸ்டுக் கடைசியில் எரேமியா 29. பாபிலோனுக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களுக்கு அவர் எழுதிய கடிதம். சீக்கிரம் திரும்பிவிடலாம் என்று காத்திருந்தவர்களிடம், இருக்கிற ஊரில் வீடு கட்டித் தோட்டம் போடும்படியும், அந்த ஊர் நன்றாயிருக்க வேண்டிக்கொள்ளும்படியும் சொல்கிறார். அம்மா அன்று ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் தம்பி சொன்னான், நடைவழியில் ஒரு தொட்டியில் கருவேப்பிலைக் கன்று வந்திருக்கிறதாம். எதிர்வீட்டுச் சீனப் பாட்டிக்கு ரசத்துக்கு இலை கொடுக்கும் அளவுக்கு இப்போது அது வளர்ந்திருக்கிறது. இருவருக்கும் பொதுவான மொழி கொஞ்சம் மலாய்தான்!

டிசம்பர் நடுவில் யாக்கோபின் நிருபம். வயலில் அறுத்தவர்களுடைய கூலியைப் பிடித்துவைத்த பணக்காரர்களை அது கண்டிக்கிறது. பிப்ரவரியில் கேட்ட சட்டத்தை அம்மாவே நினைவுபடுத்தினார். முழுவதும் கேட்டவருக்கே முதலும் முடிவும் இப்படிச் சேர்ந்து வரும். ஆண்டுக் கடைசியில் வெளிப்படுத்தல் முடிந்தது. “நாளைக்கு எட்டு மணிக்குக் கூப்புடுவல்ல?” என்றார். இப்போது இரண்டாம் சுற்று.

தோட்டத்து மக்களாகிய நமக்கு நேரக்கணக்கு புதிதல்ல. விடியுமுன் பெரட்டுக்கு நின்றவர்களின் பிள்ளைகள் நாம். அது துரை போட்ட கணக்கு. நாளைக்கு அரைமணி என்று நாமே நமக்குப் போட்டுக்கொள்வது நம்முடைய கணக்கு. அதில் சேர்வதையெல்லாம் நாமே வைத்துக்கொள்ளலாம். என் வகுப்பிலும் இப்போது தினமும் ஒரு பக்கம் சத்தமாக வாசிக்கிறோம். மெதுவாகப் படிக்கும் பிள்ளைக்குக் காத்திருக்கும் பொறுமையை அம்மாவின் கேள்விகள்தான் எனக்குக் கற்றுக் கொடுத்தன.

வேதம் உங்கள் நூல் அல்லவென்றால் திருக்குறளை எடுங்கள். 133 அதிகாரம், நாளைக்கு ஒன்று. தைப்பொங்கலன்று தொடங்கினால் மே மாதக் கடைசியில் முடிந்துவிடும். ஒரே ஒரு வேண்டுகோள்: தனியாகப் படிக்காதீர்கள். எழுத்தறியாத பெரியவர் ஒருவர் உங்கள் வீட்டிலோ, பக்கத்து வீட்டிலோ, தொலைவில் ஏதோ ஒரு மாடியிலோ இருப்பார். அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர் இடையில் நிறுத்திக் கேள்வி கேட்டால், புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, அவர் சொல்வதைக் கேளுங்கள்.