அட்டைத் துண்டு

ஆலங்குளம் பக்கம் ஓர் ஊர். பேருந்துக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது. அண்ணாச்சி கடை பெஞ்சில் உட்கார்ந்தேன்.

கடை முகப்பில் வாழைத்தார். சரம் சரமாக ஷாம்பு பாக்கெட். கல்லாவை ஒட்டி ஒரு சிமினி விளக்கு, பட்டப்பகலிலும் எரிகிறது. பக்கத்தில் ஒரு டப்பா நிறைய, விரல் அகலத்துக்குக் கிழித்த அட்டைத் துண்டுகள்.

"ஒரு ஃபில்டர், அண்ணாச்சி."

பைக்கை நிறுத்திவிட்டு வந்த இளைஞன். அண்ணாச்சி குனியாமலே, பலகைக்குக் கீழே இருந்த சிகரெட் பெட்டிக்குள் விரலை விட்டு ஒன்றை உருவிக் கொடுத்தார். பெட்டி வெளியே வரவே இல்லை. 2016 ஏப்ரலிலிருந்து பெட்டியின் இரண்டு பக்கமும் 85 சதவீத இடத்தில் எச்சரிக்கைப் படம் இருந்தாக வேண்டும். பயமுறுத்தத்தான். ஆனால் ஒற்றையாக வாங்குகிறவன் அதை எங்கே பார்க்கிறான்? நாள் முழுக்க அந்தப் படத்தைப் பார்ப்பவர் விற்கிற அண்ணாச்சிதான்.

இளைஞன் டப்பாவிலிருந்து ஒரு துண்டை எடுத்து விளக்கில் காட்டினான். துண்டில் யாருடைய தொண்டையோ பாதி தெரிந்தது. பற்றவைத்து, உதறி அணைத்து, கீழே போட்டு மிதித்தான்.

தலைக்கு மேல் மஞ்சளேறிய பலகை: 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு விற்பது குற்றம். அதற்கு நேர் கீழே மூன்றாவதோ நாலாவதோ படிக்கும் பையன் வந்து நின்றான்.

"தாத்தாவுக்கு ஒரு கட்டு."

அண்ணாச்சி என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பையனைப் பார்த்தார். "தாத்தாவ வரச் சொல்லுல."

"தாத்தாவால நடக்க முடியாது."

பீடிக்கட்டு கைமாறியது. கூம்பாகச் சுற்றிய தாளில் படம் கசங்கி, முகமா புண்ணா என்று தெரியவில்லை. மீதிச் சில்லறைக்குப் பையன் கடலைமிட்டாய் வாங்கிக்கொண்டான்.

2016-17இல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பில் பெரியவர்களில் பீடி பிடிப்பவர்கள் 7.7 சதவீதம், சிகரெட் பிடிப்பவர்கள் 4 சதவீதம். ஆனால் நகரத்துப் புகையிலை ஒழிப்புக் கூட்டங்களில் சிகரெட்டைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள்.

எதிரே பீடிக்கடை. பெண்கள் சுற்றி முடித்த பீடியோடு வரிசையில் நிற்கிறார்கள். உள்ளே ஒருவர் கைப்பிடி அள்ளி, திருப்பிப் பார்த்து, சிலவற்றை ஒதுக்கிப் போடுகிறார். ஒதுக்கியவற்றுக்குக் கூலி கிடையாது. கொடுத்தவர்கள் இலையும் தூளும் வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள். மத்தியப் பிரதேசத்துக் காட்டு இலை இந்த ஊர் மடியில் வந்து சுருள்கிறது. வரியை ஏற்று, பீடியை ஒழி என்று சொல்வது எளிது. இந்த வரிசையைப் பார்த்துக்கொண்டே சொல்வதுதான் சிரமம்.

வரிசையிலிருந்து ஓர் அம்மாள் தூள் பொட்டலத்தோடு இங்கே வந்தாள். விரல் நுனியெல்லாம் பழுப்பு. ஒரு பால் பாக்கெட் வாங்கினாள். வறட்டு இருமல். "மருந்து எடுக்கியளா?" என்றார் அண்ணாச்சி. "தூசிதான்" என்றாள்.

போகும்போது சேலை முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். இளைஞன் விட்ட புகை அவள் பக்கம் வந்திருந்தது.

பேருந்து வந்தது. அண்ணாச்சி ஒரு காலிப் பெட்டியைப் பிரித்து, படத்தை நீளவாக்கில் கிழித்து டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தார்.