பண்டத்தரிப்பு: வந்த உதவிகளும் வராத கையெழுத்தும்

யாழ் நகரிலிருந்து ஆனைக்கோட்டை, மானிப்பாய், சண்டிலிப்பாய் வழியாகச் சென்று வடக்கே திரும்பினால் செம்மண் தோட்டங்கள் தொடங்கிவிடும். வெங்காயம், புகையிலை, மரவள்ளி, இடையிடையே பனங்கூடல்கள். அதைக் கடந்தால் பண்டத்தரிப்புச் சந்தி. அயலில் சில்லாலை, இன்னும் வடக்கே மாதகல் கடல். ஒழுங்கைகளில் கிடுகு வேலிகள் குறைந்து தகரமும் மதிலும் வந்துவிட்டன. ஆனாலும் படலையைத் திறந்து "ஆரது?" என்று கேட்கும் குரல் மாறவில்லை.

வெளியார் உதவி இந்த ஊருக்குப் புதிதல்ல. 1820இல் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வைத்தியர் ஜோன் ஸ்கடர் தம் மனைவி ஹரியெற்றுடன் இங்கு குடியேறி நோயாளரைப் பார்க்கத் தொடங்கினார். அவருடைய பேத்தியான ஐடா ஸ்கடர்தான் பின்னாளில் தமிழ்நாட்டின் வேலூரில் பெண்களுக்கென 1902இல் ஒரு மருத்துவமனையையும், 1918இல் பெண்களை வைத்தியர்களாக்கும் மருத்துவப் பள்ளியையும் தொடங்கியவர். ஆண் வைத்தியரிடம் காட்ட மறுத்ததால் பிரசவத்தில் பெண்கள் இறந்ததைக் கண்டே அவர் இத்துறைக்கு வந்தார். அந்தக் குடும்பத்தின் மருத்துவப் பணி தொடங்கியது எங்கள் பண்டத்தரிப்பில் என்பதை இங்குள்ள பிள்ளைகளுக்கு யாராவது சொல்லிக் கொடுக்கலாம்.

யுத்த காலத்து உதவியின் கதை வேறு. 1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டபோது மயிலிட்டி, காங்கேசன்துறை, பலாலி முதலிய வலிகாமம் வடக்குக் கிராமங்களின் மக்கள் கையில் அகப்பட்டதுடன் வெளியேறினார்கள். சண்டிலிப்பாய், உடுவில் பகுதிகளில் நலன்புரி நிலையங்கள் எழுந்தன. உறவினர் வீடுகளும் நிரம்பின. ஒரு வீட்டில் மூன்று, நான்கு குடும்பங்கள். ஒரு கிணறு, ஒரு மலசலகூடம், ஓர் அடுப்பு. மண்ணெண்ணெய்க்கும் சவர்க்காரத்துக்கும் தட்டுப்பாடான நாட்கள் அவை. வந்தவர்களுக்கு நிவாரண அட்டை இருந்தது. அவர்களை ஏற்றுக்கொண்ட வீட்டுப் பெண்ணின் பெயர் எந்தப் பட்டியலிலும் இருக்கவில்லை. தண்ணீர் அள்ளியவளும், அரிசியைப் பங்கிட்டவளும், சண்டை வராமல் பார்த்தவளும் அவள்தான். உதவிப் பணிகளைப் பற்றி எழுதுவோர் இந்தப் பெண்களை இன்றும் எண்ணுவதில்லை என்பது என் மனக்குறை.

1995 ஒக்டோபர் 30இல் வலிகாமமே இடம்பெயர்ந்தபோது ஏற்றவர், வந்தவர் என்ற வேறுபாடும் இல்லாமற் போயிற்று. எல்லோரும் தென்மராட்சி நோக்கி நடந்தார்கள். 1996இல் திரும்பியவர்கள் கூரையில்லாத வீடுகளைக் கண்டார்கள்.

பின்னர் 2002 போர்நிறுத்தம் வந்தது. வெள்ளை வாகனங்களில் நிறுவனங்களும் வந்தன. கண்ணிவெடி அகற்றுவோர் வந்தார்கள். கிணறு இறைத்தார்கள், தறப்பாள் கொடுத்தார்கள், கோழியும் தையல் இயந்திரமும் கொடுத்தார்கள். 2009இன் பின்னர் இன்னொரு தடவை. இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா தவணை முறையில் பயனாளியின் வங்கிக் கணக்கிலேயே போடப்பட்டது. பணத்தைத் தன் கையால் எண்ணி, மேசனுடன் பேரம் பேசி, சீமெந்து வாங்கிய பெண்கள் பலர். எனக்கு மிகவும் பிடித்த உதவி முறை அதுதான்.

அண்மையில் பண்டத்தரிப்பில் ஒரு தாயைச் சந்தித்தேன். கணவர் 2006இல் வேலைக்குப் போனவர், திரும்பவில்லை. காணி அவருடைய சீதனக் காணி. உறுதி அவர் பெயரில்தான் இருக்கின்றது. மகளின் பெயர் வீட்டுத்திட்டப் பட்டியலில் வந்தபோது, காணியின் ஒரு பகுதியை மகளுக்கு எழுதிக்கொடுக்க நொத்தாரிசிடம் போயிருக்கிறார். கணவரின் கையெழுத்து வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அந்த வருட வீடு வேறொருவருக்குப் போய்விட்டது.

"பிள்ளை, கோழி தந்தவை, கூடும் தந்தவை. அவரின்ர கையெழுத்தைத்தான் ஒருத்தரும் தரேல்லை" என்றார் அந்த அம்மா. சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

நொத்தாரிசு சொன்னது பிழையல்ல. தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண், தன் பெயரிலுள்ள காணியை விற்கவோ, ஈடு வைக்கவோ, நன்கொடையாக எழுதவோ கணவரின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம் அப்படிச் சொல்கின்றது. நகை, தளபாடம் போன்ற அசையும் பொருட்களுக்கு அது தேவையில்லை. ஆனால் அதே சட்டத்தில் ஒரு வாசலும் உண்டு. கணவர் கைவிட்டுப் போயிருந்தால், அவர் எங்கே என்று தெரியாவிட்டால், அல்லது நியாயமின்றிச் சம்மதம் மறுத்தால், மனைவி மாவட்ட நீதிமன்றத்தில் மனுச் செய்து அந்தச் சம்மதத்துக்குப் பதிலாக நீதிமன்றத்தின் அனுமதியைப் பெறலாம். இந்த அம்மாவுக்கு அதை இத்தனை வருடங்களில் ஒருவரும் சொல்லவில்லை. பயிற்சிப் பட்டறைகளுக்கு மட்டும் பல தடவை போயிருக்கிறார்.

மரணச் சான்றிதழ் எடுத்தால் வேலை சுலபம் என்று சிலர் அவருக்குச் சொன்னார்களாம். "செத்தவர் எண்டு என்ர கையால எழுதமாட்டன்" என்று மறுத்துவிட்டார். அந்த மறுப்பை மதிக்கின்ற வழியும் இருக்கின்றது. 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டம், இறந்துவிட்டார் என்று எழுதாமல், ஆளைக் காணவில்லை என்று மாத்திரம் உறுதிப்படுத்தும் சான்றிதழுக்கு இடமளிக்கின்றது. நீதிமன்றத்தில் அது வலுவான ஆவணம்.

சகோதரிகளே, உங்களில் எவருக்காவது இதே சிக்கல் இருந்தால், காணி உறுதி, விவாகப் பதிவுச் சான்றிதழ், பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, செஞ்சிலுவைக் குழுவிடமோ காணாமற்போனோர் அலுவலகத்திடமோ பதிந்த துண்டு, கிராம அலுவலரின் கடிதம் ஆகியவற்றுடன் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்குச் செல்லுங்கள். வருமானம் குறைந்தோருக்கு அங்கு கட்டணமின்றி உதவுவார்கள்.

அந்த அம்மாவிடம் உறுதி பத்திரமாக இருந்தது. 1995இல் ஓடும்போது சட்டி பானையை விட்டுவிட்டு, உறுதிப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாராம். பொலித்தீன் பையில் மூன்று சுற்றுச் சுற்றி வைத்திருந்ததை எடுத்துக் காட்டினார். மனு இப்போது தாக்கல் செய்யப்பட்டிருக்கின்றது. அடுத்த தவணைக்கு மகளும் கூடப் போவாள்.