கோர்வைக் கோடு

திருமழிசையாழ்வாரின் சீடரான கணிகண்ணன் காஞ்சியை விட்டு வெளியேற, அவர் பின்னே ஆழ்வாரும், ஆழ்வார் பின்னே யதோக்தகாரிப் பெருமாளும் புறப்பட்டு வந்து ஓரிரவு தங்கியதனால் ‘ஓரிரவிருக்கை’ என்று பெயர் பெற்று, நாளடைவில் ஓரிக்கை என்று சுருங்கிய அந்த ஊருக்கு நான் போனது ஸ்தல தரிசனத்துக்காக அன்று. பட்டுச் சேலைக்கு டிசைன் போடும் ஒரு பெண்ணின் தொழிலைக் கண்ணாரக் காண்பதற்காக.

கூடத்தில் குழித்தறியில் தகப்பனார். அடுத்த அறையில் கம்ப்யூட்டரின் முன் மகள். தறியில் கோர்வைச் சேலை ஓடிக்கொண்டிருந்தது. உடலுக்கு ஒரு வர்ணம், கரைக்கு வேறொரு வர்ணம் என்று மூன்று நாடாக்களைக் கொண்டு இருவர் நெய்ய, ஒவ்வோர் ஊடையிலும் உடலின் இழையும் கரையின் இழையும் ஒன்றையொன்று பற்றிப் பூட்டிக்கொள்வதே கோர்வை. காஞ்சிப் பட்டின் ஜீவன் அந்த எல்லையில்தான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

முற்காலத்தில் டிசைனை நூலிலேயே கட்டி வைத்த ‘அடை’யைத் துணையாள் இழுத்துக் கொடுப்பான். பிற்பாடு ஜக்கார்டு பெட்டி வந்தது. கிராப் தாளில் சின்னஞ்சிறு கட்டங்களை நிரப்பி, ஒரு வரிக்கு ஓர் அட்டையாகக் குத்தி, 120 கொக்கிக்கும் 240 கொக்கிக்கும் டிசைன் போட்டார்கள். இந்தப் பெண்ணோ கரைப்பூவை முதலில் இல்லஸ்ட்ரேட்டர் என்னும் வரைகலை மென்பொருளில் வரைந்துகொண்டுதான் கட்டத்துக்கு மாற்றுகிறாள்.

திரையின் ஓரத்து அளவுகோலிலிருந்து அவள் இழுத்துவிட்ட வெளிர்நீலக் கோடுகளுக்குக் கைடு என்று பெயர். அவை வரைகிறவர் கண்ணுக்கு மட்டுமே உரியவை. அச்சிலும் வாரா, படமாக மாற்றினாலும் வாரா. தொழிலுக்கு வந்த புதிதில் இந்த சூக்ஷ்மம் அறியாமல், கைடுகளை மட்டும் நம்பி டிசைனை அனுப்பிவிட்டாளாம். எல்லை இன்னதென்று தெரியாமல் கரைப்பூ இரண்டு கட்டம் உடலுக்குள் ஏறிவிட, குத்திய அட்டையெல்லாம் வீணாயிற்று. அதைச் சொல்லும்போது இன்றைக்கும் அவள் குரல் தாழ்ந்தது.

“இப்ப பாருங்க ஐயா” என்று பூட்டியிருந்த கைடுகளைத் திறந்தாள். கரையின் ஓரத்திலிருந்த ஒன்றைத் தொட்டு, கண்ட்ரோல், ஆல்ட், 5 ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினாள். ‘ரிலீஸ் கைட்ஸ்’ என்பது இதுதான். கைடு கோடாக விடுதலை பெற்றது; ஆனால் வர்ணமும் கனமும் இல்லாத கோடாகையால், வேறிடத்தைத் தொட்டதும் கண்ணுக்கு மறைந்துபோயிற்று. நான் பதறினேன். அவள் நிதானமாக அதைத் தேடிப் பிடித்துச் சிவப்பு ஏற்றினாள். வரைபலகையைத் தாண்டி இருபுறமும் நீண்டு கிடந்த மிச்சத்தைக் கத்தரித்தாள். தனி லேயரில் வைத்து அதற்குக் ‘கோர்வை’ என்று பெயரிட்டாள். கல்லில் ஒரு மணிமண்டபம் எழுந்த ஊராயிற்றே ஓரிக்கை. கல்லின்மேல் காவி தோய்த்த நூலை அடித்துக் கோடு பதிக்கும் சிற்பிகளின் நினைவு எனக்கு வந்தது. அந்தக் கோட்டைப் பார்த்துத்தானே உளி நடக்கும்!

தறியை நிறுத்திவிட்டு வந்து பின்னால் நின்ற தகப்பனார் திரையை உற்றுப் பார்த்தார்.

“பாப்பா, ஓரம் நேரா நின்னா சேலை மொட்டையா இருக்கும். கோபுரம் வெச்சுடு.”

கைடாகக் கிடந்தவரை நகர்த்தவும் சாய்க்கவும் முடிந்ததே தவிர மடிக்க முடியாதிருந்த கோட்டில், அவள் இப்போது சமதூரத்தில் புள்ளிகளை வைத்து, ஒன்றுவிட்டு ஒன்றாக உட்புறம் இழுக்கலானாள். கூர்கூராகக் கோபுரக் கரை எழுந்தது.

“ஒரு கோபுரத்துக்கு எத்தனை கட்டம்?”

“எட்டுப்பா.”

“எட்டுன்னா நெருக்கமா முட்டிக்கும். பன்னெண்டா வை.”

கோடு மறுபேச்சின்றி விரிந்தது. மேஜையை ஒரு நாளும் அண்டாத அந்தப் பெரியவரின் ஐம்பது வருஷத் தறி ஞானம் திரைக்குள் புக, ஒரு கைடு கோடானதே வழி விட்டது என்று எனக்குத் தோன்றிற்று.

பிறகு அவர் என்னைத் தறியருகே அழைத்துப்போய், நெய்து சுருட்டியிருந்த துணியைச் சற்றே பிரித்து, அடிப்புறத்தைத் திருப்பி, “தொட்டுப் பாருங்க” என்றார். அரக்கு உடலிலிருந்து பச்சைக் கரைக்கு விரலை மெல்ல நகர்த்தினேன். இரண்டும் பூட்டிக்கொண்ட இடத்தில், மெல்லிய வரப்புப்போல, கோடு தட்டுப்பட்டது.