தப்பைக் காட்டிக்கொடுக்கிற மெஷினை வாங்கு

கண்ணு, நீ அனுப்பிய மூன்று பிரஸ் படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். சுட்டு முடித்த பித்தளைக் கூட்டில் மறுபடி மருந்தும் குண்டும் ஏற்றுவது டெக்சாஸில் வீட்டு மேஜையிலேயே செய்கிற பொழுதுபோக்கு என்கிறாய். சொந்த உபயோகத்துக்கு என்றால் அங்கே லைசென்ஸ் வேண்டாம், செய்து விற்றால்தான் வேண்டும் என்பதும் சரிதான். துப்பாக்கியில் எனக்குப் பெரிய ஞானம் கிடையாது. பிரஸ்ஸைப் பற்றித் தெரியும். தொப்பூரிலிருந்து ஓசூருக்குப் போய், பவர் பிரஸ் முன்னால் நின்றே தலை நரைத்தவன் உன் பெரியப்பா. அந்த உரிமையில் சொல்கிறேன்.

உனக்குப் பிடித்திருப்பது மூன்றாவது மெஷின். அதன் படத்தில் மட்டும் இரண்டு அம்புக்குறி போட்டிருக்கிறாயே! டில்லன் மாதிரி கம்பெனிகள் செய்கிற வகை அது. வட்டத் தட்டில் நாலைந்து கூடுகள் வரிசையாக நிற்கும். கைப்பிடியை ஒரு தடவை இழுத்தால் ஒன்றில் மருந்தைப் பற்றவைத்த பழைய கேப் வெளியே வரும், இன்னொன்றில் மருந்து விழும், அடுத்ததில் குண்டு உட்காரும். ஒவ்வொரு இழுப்புக்கும் முடிந்த தோட்டா ஒன்று கையில் வந்து விழும். மணிக்கு 400, 500 என்று விளம்பரம் செய்கிறார்கள். பழகிய கைக்கு அது நடக்கிற காரியம்தான்.

இரண்டாவது படத்தில் இருப்பது தலையில் நாலு டை மாட்டித் திருப்புகிற டரெட். முதல் படம், பார்க்கவே சப்பென்று இருக்கிற வார்ப்பிரும்பு பிரஸ். ஒரு டை, ஒரு ராம், ஒரு கைப்பிடி. ஒரு இழுப்புக்கு ஒரே ஒரு வேலை. மணிக்கு 50 தோட்டா செய்தால் பெரிது.

நீ முதல் படத்தை வாங்கு.

கணக்குப் போட்டுத்தான் சொல்கிறேன். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை ரேஞ்சுக்குப் போகிறாய், போனால் 100 தடவை சுடுகிறாய் என்று உன் அம்மா சொன்னாள். மாதத்துக்கு 200. அந்தச் சப்பை பிரஸ்ஸில் நாலு சாயங்காலத்து வேலை. 500 செய்கிற மெஷினை வாங்கி வைத்தால், அதற்குத் தீனி போடுவதற்காகவே அதிகம் சுடுவாய். பொழுதுபோக்குக்கு மெஷின் வாங்குகிறவர்கள் எல்லாருக்கும் இது நடக்கிறது.

இந்தக் கணக்கைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. மருந்தை அங்கே கிரெய்ன் கணக்கில் நிறுக்கிறார்கள். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெய்ன். நகைக்கடையில் அந்தக் காலத்தில் தராசில் வைத்த குன்றிமணி ஒன்றின் எடைக்குள் கிட்டத்தட்ட இரண்டு கிரெய்ன் அடங்கிவிடும். உன் 9 எம்.எம். தோட்டாவுக்குப் பெரும்பாலும் நாலு முதல் ஆறு கிரெய்ன் மருந்து போகும். அதாவது இரண்டு மூன்று குன்றிமணி எடை. அது விழவே இல்லை என்றால், கேப் வெடித்த வேகம் மட்டும் குண்டைக் குழாய்க்குள் கொஞ்ச தூரம் தள்ளி நிறுத்திவிடும். சத்தம் சப்பையாக இருந்ததே என்று யோசிக்காமல் அடுத்ததைச் சுட்டால் குழாய் பிளக்கும். அதே மருந்து இரண்டு மடங்கு விழுந்தால் முதல் சுடுதலிலேயே துப்பாக்கி கையில் வெடிக்கலாம்.

இந்தத் தப்பு எந்த மெஷினில் வெளியே தெரியும் என்பதுதான் கேள்வி. முதல் படத்து பிரஸ்ஸில் வேலை செய்கிறவன், 50 குழி உள்ள மரப்பலகையில் கூடுகளை நிற்க வைத்து மருந்து போடுவான். போட்டு முடித்ததும் குண்டு வைக்கும் முன்னால் டார்ச் அடித்து ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் பார்ப்பான். 49 ஒரே மட்டத்தில் இருக்க, ஒன்று மட்டும் ஏறியோ இறங்கியோ இருந்தால் கண்ணில் அடிக்கும். மூன்றாவது படத்து மெஷினில் மருந்து விழுந்த கூடு மறு இழுப்பில் மூடிக்கொள்ளும். டில்லன் 550 என்கிற மாடலில் தட்டைக் கையால்தான் திருப்ப வேண்டும். யாரோ கூப்பிட்டுத் திரும்பிப் பார்த்துவிட்டு, தட்டைத் திருப்ப மறந்து கைப்பிடியை இழுத்தால் அதே கூட்டில் மருந்து மறுபடி விழும். நல்ல மெஷின்தான், குறை சொல்லவில்லை. உன் கையும் கண்ணும் அதற்குப் பழக வருஷம் ஆகும்.

மருந்து வாங்கும்போதும் இதே புத்தியை வைத்துக்கொள். சில மருந்து இரண்டு பங்கு விழுந்தாலும் கூட்டுக்குள் சத்தமில்லாமல் அடங்கிவிடும். சில மருந்து பாதிக்கு மேல் நிரப்பும். இரண்டாவது பங்கு விழுந்தால் வழிந்து மேஜையில் கொட்டும். மருந்து அளவு சொல்கிற புத்தகத்தில் உன் குண்டுக்குப் போட்டிருக்கிற மருந்துகளில் இப்படி வழிகிறதாகப் பார்த்து எடு. புத்தகம் சொல்கிற தொடக்க அளவிலேயே ஆரம்பி. மேஜை மேல் ஒரு நேரத்தில் ஒரே ஒரு டப்பா மருந்துதான் இருக்க வேண்டும்.

நான் வேலை பார்த்த இடத்தில் பவர் பிரஸ்ஸுக்கு இரண்டு பட்டன் இருக்கும். இரண்டு கையாலும் ஒரே சமயம் அழுத்தினால்தான் ராம் இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருக்கும்போது டைக்குள் விரல் இருக்க முடியாது, அதற்காகச் செய்த ஏற்பாடு. இன்சென்டிவ் கணக்கு ஆரம்பித்த மாதம், ஒரு பட்டன் ஓரத்தில் தீக்குச்சியைச் செருகி அதை அழுந்தியபடியே நிற்க வைத்துவிட்டு, ஒரு கையால் பீஸ் போட்டு, மறு கையால் ஓட்டினார்கள். ஷிஃப்ட்டுக்கு 200 பீஸ் கூட வந்தது. சூப்பர்வைசர் பார்த்தும் பார்க்காத மாதிரி போனார். என் பக்கத்து மெஷின்காரருக்கு வலது கையில் இரண்டு விரல் போன பிறகுதான் குச்சியை எல்லாம் பிடுங்கினார்கள். அவர் விரலுக்கு வந்த பணத்தில் வீட்டுக்கு ஓடு மாற்றினார்.

நம் ஊர்க் கணவாயில் தினம் பார்க்கிறதும் இதுதான். பெங்களூர்ப் பக்கமிருந்து பாரம் ஏற்றி வருகிற லாரி, டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கும். இரட்டைப் பாலம் வருகிறவரை எல்லாம் சுகமாகத்தான் இருக்கும். கியரில் இறங்குகிறவனுக்கு இன்ஜின் உறுமுகிற சத்தமே எச்சரிக்கை. நியூட்ரல்காரனுக்கு பிரேக் சூடாவது, அது பிடிக்காமல் போகிற வரைக்கும் தெரியாது.

அவசரத்தில் மருந்து போடுவதும் நம் ஊருக்குப் புதிதில்லை. காட்டோரத்தில் கடலைக்கொல்லைக்குக் காவல் இருந்த நம் பெரியவர்கள் சிலரிடம் குழாய் வாயில் கரிமருந்தைக் கெட்டிக்கிற நாட்டுத் துப்பாக்கி இருந்தது. பயிர்க் காவலுக்கு அந்த வகைக்கு லைசென்ஸ் தரச் சட்டத்திலேயே இடமுண்டு. இருட்டில் பன்றி உருட்டுகிற சத்தம் கேட்டதும் கண் அளவில் மருந்தைக் கொட்டிக் கெட்டித்துச் சுட்டவர்களில் முகம் கருகினவர்களும் உண்டு. முன்னாலேயே அளந்து வைத்துக்கொண்டவர்களையும் நம் ஊர் பார்த்திருக்கிறது. இதே தொப்பூர்க் கணவாய் வழியாக 1790 நவம்பரில் திப்பு சுல்தான் படையோடு இறங்கினார். மெடோஸ் தளபதியின் கும்பினிப் படை பின்னாலேயே துரத்தி வந்தது. அந்தக் கும்பினிச் சிப்பாயின் பையில் இருந்தது, மருந்தும் குண்டும் அளந்து காகிதத்தில் சுருட்டிய பொட்டலம். சண்டைக்கு நடுவே அவன் எதையும் அளக்க வேண்டியதில்லை. அவசரமில்லாத நேரத்தில், வெளிச்சத்தில், வேறு யாரோ அளந்து முடித்திருந்தார்கள்.

சரி, பிரஸ்ஸுக்கு வருகிறேன். உடல் ஆங்கில 'ஓ' எழுத்து மாதிரி மூடியதாக இருக்கட்டும். 'சி' மாதிரி ஒரு பக்கம் திறந்தது, ரைஃபிள் கூட்டைப் பிடித்து இறுக்கும்போது கொஞ்சம் வாய் பிளக்கும். டை மாட்டுகிற மரை 7/8 அங்குலம், அங்குலத்துக்கு 14 புரி. இது எல்லாக் கம்பெனிக்கும் பெரும்பாலும் பொது. இன்று வாங்குகிற டை, பத்து வருஷம் கழித்து நீ வாங்கப்போகிற அந்த அம்புக்குறி மெஷினிலும் மாட்டும். ஆர்.சி.பி.எஸ். கம்பெனியை 1943-ல் ஃபிரெட் ஹண்டிங்டன் கலிபோர்னியாவில் தன் அப்பாவின் சலவைக் கடைப் பின்கட்டில் ஆரம்பித்தாராம். அவர்களுடைய பழைய இரும்பு பிரஸ்கள் தாத்தா கை மாறி பேரன் கையில் ஓடுகின்றன. பழையது கிடைத்தால் தயங்காதே. ராமை முழுக்க மேலே தூக்கி, நுனியை இரண்டு விரலால் பிடித்து ஆட்டிப் பார். கடகடவென்று ஆடினால் விட்டுவிடு. மேஜையைச் சுவரோடு போல்ட் போடு. ஆடுகிற மேஜையில் உலகத்திலேயே விலை உயர்ந்த பிரஸ்ஸும் உபயோகப்படாது.

கூடு பொறுக்கும்போது உள்ளே அடியில் பார். நடுவில் ஒரு துளை இருந்தால் பாக்சர் வகை, மறுபடி ஏற்றலாம். இரண்டு சின்னத் துளை இருந்தால் பெர்டான், உன் டை ஊசி உடையும். வேடிக்கை என்னவென்றால், பாக்சர் இங்கிலீஷ்காரர், பெர்டான் அமெரிக்கர். அமெரிக்கா பிடித்துக்கொண்டது இங்கிலீஷ்காரர் முறையை, ஐரோப்பா பிடித்துக்கொண்டது அமெரிக்கர் முறையை.

வெடித்த கேப்பின் கரியில் ஈயம் இருக்கிறது. வேலை முடித்து சோப்புப் போட்டுக் கை கழுவாமல் குழந்தையைத் தூக்காதே. அந்த மேஜையில் காபி டம்ளர் கூடாது.

இங்கே உன் தம்பியும் யூடியூப் பார்த்துவிட்டு, லேத் பட்டறையில் கொடுத்து ஒரு பிரஸ் செய்துவிடலாமா என்று கேட்கிறான். அவனுக்கு முடியாது என்று சொல்லிவிட்டேன். 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டத்தில் 'ஆம்யூனிஷன்' என்பதற்குள் தோட்டாவின் பாகங்களும் அடக்கம், அதைச் செய்கிற மெஷினும் அடக்கம். லைசென்ஸ் இல்லாமல் தயாரித்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 7 வருஷம், ஆயுள் வரைக்கும் போகலாம். சுடுகிற ஆசை இருந்தால் ரைஃபிள் கிளப்பில் சேரச் சொன்னேன். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பைத் தங்கம் வாங்கியது 10 மீட்டர் ஏர் ரைஃபிளில். அதில் போடுகிற 4.5 மி.மீ. ஈயக் குண்டுக்கு பிரஸ்ஸும் வேண்டாம், மருந்தும் வேண்டாம்.

நீ பொங்கலுக்கு வருகிறாய். ரேஞ்சுக்குக் கொண்டுபோகிற பையில் துணி அடுக்கிக்கொண்டு வராதே. மூலையில் ஒரே ஒரு கூடு சிக்கியிருந்தாலும் ஏர்போர்ட் ஸ்கேனரில் மாட்டிக்கொண்டு, பொங்கலைப் போலீஸ் ஸ்டேஷனில் கொண்டாட வேண்டிவரும். ஊருக்கு வர வேறு பை வாங்கிக்கொள்.