இருபத்தொரு நாள் தாமதம்

அமெரிக்க எழுத்தாளர் ஃபிராங்க் பெரெட்டியின் நாவலில் தால் என்றொரு தேவதூதர் வருகிறார். படைத்தலைவர். வாளும் உண்டு, வீரர்களும் உண்டு. ஆனாலும் அவரால் உடனே தாக்க முடியவில்லை. ஆஷ்டன் என்ற சிற்றூரில் ஜெபிக்கிறவர்கள் போதவில்லை. ஜெபம் பெருகினால்தான் தூதர்களுக்குப் பலம். அதுவரை மறைந்து காத்திருக்க வேண்டும். எடித் டஸ்டர் என்ற முதிய அம்மையாரைப் போன்றவர்கள் முழங்காலில் நிற்பதைப் பொறுத்தே ஊரின் கதி அமைகிறது.

1986இல் வந்த ‘திஸ் பிரசென்ட் டார்க்னஸ்’ அது. பெரெட்டி போதகராக இருந்தவர், பிறகு பனிச்சறுக்குப் பலகை செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். புத்தகம் முதலில் மந்தமாகத்தான் போனது. பாடகி ஏமி கிரான்ட் தம் ரசிகர்களிடம் அதைப் புகழ்ந்து சொன்ன பிறகு விற்பனை எழும்பி, 20 லட்சம் பிரதிகளைத் தாண்டியது.

இந்தக் கதையமைப்பின் வேர் தானியேல் புத்தகத்தின் 10ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. வேதாகமத்திலேயே மிக விசித்திரமான அதிகாரங்களில் ஒன்று. பெர்சிய அரசன் கோரேசின் மூன்றாம் ஆண்டு. முதியவரான தானியேல் மூன்று வாரம் துக்கம் கொண்டாடுகிறார். ருசியான உணவில்லை, இறைச்சியில்லை, திராட்சரசமில்லை, எண்ணெய் பூசுவதுமில்லை. பிறகு இதெக்கேல் ஆற்றங்கரையில் சணல்வஸ்திரம் தரித்த ஒருவர் தோன்றுகிறார். கூட இருந்தவர்கள் ஒன்றையும் காணாமலே நடுங்கி ஓடி ஒளிகிறார்கள். வந்தவர் சொல்லும் செய்திதான் வியப்பு: ஜெபம் முதல் நாளே கேட்கப்பட்டுவிட்டது; ஆனால் பெர்சிய ராஜ்யத்தின் அதிபதி 21 நாள் வழிமறித்தான்; மிகாவேல் என்ற தூதர் உதவிக்கு வந்த பிறகே இங்கே வர முடிந்தது. திரும்பிப் போய் மறுபடியும் அவனோடு போரிட வேண்டும். அதன்பின் கிரேக்கு தேசத்தின் அதிபதி வருவான் என்றும் சொல்கிறார்.

இதில் மனதைப் பிடித்து நிறுத்துவது போர் அல்ல, தானியேலின் அறியாமை. அந்த மூன்று வாரமும் அவருக்கு மேலே நடந்தது எதுவும் தெரியாது. அதிபதியின் பெயரைக் கேட்டு அவர் கட்டளையிடவில்லை, எவரையும் விரட்டவில்லை. பசித்திருந்தார், துக்கித்தார், பதில் வராதபோதும் விடவில்லை. 1990களில் அமெரிக்கக் கிறிஸ்தவ எழுத்தாளர் பீட்டர் வாக்னர் போன்றோர், நகரங்களை ஆளும் ஆவிகளை அடையாளம் கண்டு வரைபடம் தயாரிக்கும் முறையைப் பரப்பினார்கள். தானியேலின் ஆற்றங்கரையிலிருந்து அது எவ்வளவு தூரம்!

பெரெட்டியின் நாவல் உயர்ந்து நிற்கும் இடங்களும் இந்த அறியாமையைக் காத்த இடங்கள்தாம். கூரைமேல் நிற்கும் காவல் தூதர்களை வாசகர் காண்கிறார். உள்ளே சோர்ந்து ஜெபிக்கும் போதகர் ஹாங்க் புஷ் காண்பதில்லை. தனியாக இருக்கிறோம் என்று நினைப்பவனைச் சுற்றி அத்தனை பேர் நிற்பது, வெறும் விறுவிறுப்பைவிடப் பெரிய காட்சி.

ஆனால் நாவலின் தலைப்பு எடுக்கப்பட்ட எபேசியர் 6ஆம் அதிகாரத்தின் 12ஆம் வசனம், நமக்குப் போராட்டம் மனிதரோடு அல்ல என்றே தொடங்குகிறது. நாவலிலோ உளவியல் பேராசிரியை, தியானக் குழு, பெருநிறுவன முதலாளி என்று மனித எதிரிகள் வரிசையாக வந்துவிடுகிறார்கள். அந்த ஆண்டுகளின் அமெரிக்காவை நினைத்தால் இது கவலை தருகிறது. கலிபோர்னியாவின் மக்மார்ட்டின் மழலையர் பள்ளியில் சாத்தான் சடங்குகள் நடந்ததாக 1983இல் கிளம்பிய குற்றச்சாட்டு, நெடிய விசாரணைக்குப் பின் 1990இல் ஒருவர்கூடத் தண்டிக்கப்படாமல் முடிந்தது. பக்கத்து வீட்டுக்காரரைப் பேயின் கையாளாகப் பார்க்கப் பழகிய கண், சாட்சியத்துக்காகக் காத்திருப்பதில்லை.

பெரெட்டியே இதைவிட நுட்பமாக எழுதியிருக்கிறார். 2000இல் வந்த ‘தி வூண்டட் ஸ்பிரிட்’ நாவல் அல்ல, அவருடைய சொந்தக் கதை. குழந்தையிலேயே கழுத்தில் கட்டி; தொடர்ந்து அறுவை சிகிச்சைகள்; வீங்கிய நாக்கு, குழறும் பேச்சு. பள்ளிப் பையன்கள் அவரை வதைத்தார்கள். வீட்டில் அந்தச் சிறுவன் பேய்ப்படங்களில் வரும் விலங்குகளையும் அரக்கர்களையும் நேசித்தான். அவலட்சணமான அந்த உருவங்களில் அவன் கண்டது தன்னைத்தான். அந்தப் புத்தகத்தில் வாளேந்திய தூதர்கள் இல்லை. உடற்பயிற்சி வகுப்பும், உடைமாற்றும் அறையும், கையாலும் வாயாலும் காயப்படுத்திய சக மாணவர்களும்தான் இருக்கிறார்கள்.