வால் எலும்புக்கு மேலே ஓர் ஊசி

செட்டிகுளம் என்றால் கையில் கரும்போடு நிற்கும் முருகனும் சின்ன வெங்காயமும் தான் நினைவுக்கு வரும். அந்த ஊரில் இரண்டு வயதுக் குழந்தைக்குக் குடலிறக்கம் என்றால் பெற்றோர் பெரம்பலூருக்கோ திருச்சிக்கோ பஸ் ஏற வேண்டும். ஆபரேஷன் சின்னது தான். அதற்குப் பிறகு வரும் அழுகையை நினைத்துத் தான் பயம். எங்கே வலிக்கிறது, எவ்வளவு வலிக்கிறது என்று அந்த வயதில் சொல்லத் தெரியாதே!

சொல்லத் தெரியாததால் பச்சைக் குழந்தைக்கு வலியே இல்லை என்று மருத்துவர்கள் பலர் ரொம்ப நாள் நம்பியிருந்தார்கள். 1980-களில் கூட, குறைமாதக் குழந்தைகளுக்குத் தசை தளர்த்தும் மருந்தும் நைட்ரஸ் ஆக்சைடும் மட்டும் கொடுத்து, நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்திருக்கிறார்கள். கொடுமை. இந்தூரில் மருத்துவம் படித்து ஆக்ஸ்போர்டு போன கன்வல்ஜீத் சிங் ஆனந்த், சில குழந்தைகளுக்கு ஃபென்டனில் என்ற வலி மருந்தையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார். அவர்களுக்குச் சிக்கல்கள் குறைந்தன. 1987-ல் லான்செட் இதழில் இது வெளிவந்த பிறகு பழைய நம்பிக்கை ஆட்டம் கண்டது.

இன்று குடலிறக்கத்துக்கு அதிகம் பயன்படுவது காடல் பிளாக். பெரியவர்களைப் போல் குழந்தை அசையாமல் படுக்காது. அதனால் முதலில் தூங்க வைத்து, ஒருக்களித்துப் படுக்க வைத்து, வால் எலும்புக்குச் சற்று மேலே உள்ள சிறு இடைவெளியில் ஊசி போடுகிறார்கள். சின்ன வயதில் அந்த இடம் விரலுக்கு எளிதில் தட்டுப்படும். மருந்து புபிவக்கைன். 1979-ல் ஆர்மிடேஜ் சொன்ன கணக்குப்படி 10 கிலோ குழந்தைக்கு 0.25 சதவீத மருந்து 10 மில்லி. அதாவது 25 மில்லிகிராம். கிலோவுக்கு 2.5 மில்லிகிராம் என்ற உச்ச வரம்பும் சரியாக அதே தான்! எடையைத் தப்பாகக் குறித்தாலோ, மருந்து ரத்தக்குழாயில் போனாலோ இதயத்தையே தாக்கிவிடும். அதைச் சமாளிக்க 20 சதவீதக் கொழுப்புத் திரவம் அறையில் தயாராக இருக்க வேண்டும்.

கை, கால் நரம்புகளுக்குத் தனியாகப் போடும்போது ஸ்கேன் பார்த்துப் போடுவது பாதுகாப்பு. ஆனால் கருவில் ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்க வந்த 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தால், மயக்க மருத்துவரின் ஸ்கேன் கருவியையும் பதிவு செய்தாக வேண்டும். சட்டம் தேவையானது தான், அலைச்சலும் உண்மை தான்.

காடல் ஊசி நான்கிலிருந்து ஆறு மணி நேரம் தாங்கும். அதுவரை கால் துவளலாம், குழந்தையைத் தனியே நிற்க விடக்கூடாது. மருத்துவர் சொன்ன பாரசிட்டமால் மருந்தை, ஊசியின் வேலை முடிந்து குழந்தை அழ ஆரம்பிக்கும் முன்பே கொடுத்துவிட வேண்டும்.