துண்டில் எழுதிய பெயர்

மடவளைப் பஜாரிலே மருந்துத் துண்டொன்றைக் கையிற் பிடித்தவாறு பாமசி வாசலில் நிற்கும் முதியவருக்கு, அத்துண்டில் உள்ளது மருந்தின் சொந்தப் பெயரா, அதை விற்கும் நிறுவனம் இட்ட பெயரா என்பது தெரியாது. தெரியவேண்டியதில்லை என்று எண்ணுவோரும் உளர். ஆயினும் ஒரே மருந்து இரு பெயர்களில் இரு விலைகளுக்கு விற்கப்படுமாயின், அவ்வேறுபாடு கழிவது அவருடைய மடியிலிருந்தே.

இவ்வேறுபாட்டை அரசின் கவலையாக மாற்றியவர், மடவளையிலிருந்து கண்டி வழியே சென்றால் சிறிது நேரத்தில் அடையக்கூடிய பேராதனையில் மருத்துவ பீடத்தின் முதற் பீடாதிபதியாக விளங்கிய பேராசிரியர் சேனக பிபிலே. அவரும் மருத்துவர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் 1971இல் அளித்த அறிக்கையின் வழியே அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் எழுந்தது. ஏறத்தாழ 2,100 ஆக இருந்த மருந்து வகைகள் 600 அளவுக்குக் குறைக்கப்பட்டன. உலகெங்கும் கேள்விப்பத்திரம் கோரி மொத்தமாக வாங்கும் முறை வந்தது. வணிகப் பெயருக்குப் பதிலாக மருந்தின் பொதுப்பெயர் முன்னே வந்தது. நிறுவனங்கள் எதிர்த்தன. மருத்துவருட் சிலரும் எதிர்த்தனர். மலிந்த மருந்தின் தரத்திற்கு யார் பிணை என்று அவர்கள் கேட்டதை வெறும் சுயநலம் என்று தள்ளிவிட முடியாது. பரிசோதனைக்கூடம் இல்லாத சிக்கனம் ஆபத்தானதே.

வியப்பு என்னவெனில், இப்பாடம் வீட்டைவிட வெளியிலேயே நன்கு நடந்தது. 1976இல் கொழும்பிற் கூடிய அணிசேரா நாடுகளின் மாநாடு மருந்துத் துறையில் ஒத்துழைப்பதெனத் தீர்மானித்தது. ஐக்கிய நாடுகளின் வர்த்தக அபிவிருத்தி மாநாட்டின் பணியாக இவ்வனுபவத்தை ஏனைய நாடுகளுக்கு எடுத்துச் சென்ற பிபிலே, 1977 செப்டெம்பரிலே கயானாவிற் காலமானார். அதே ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் தன் முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டது. 1982இல் வங்காளதேசம் தனக்கென ஒரு மருந்துக் கொள்கையை வகுத்தது. இலங்கையிலோ 1977இன் ஆட்சிமாற்றத்தின் பின் தனியார் இறக்குமதிக்குக் கதவு மீண்டும் திறந்தது. அயலாருக்குப் பாடஞ்சொன்ன நாடு தன் கொப்பியைத் தானே மூடிவைத்தது.

செல்வந்த நாட்டு நிபுணர் ஒருவர் இதனைக் கற்பித்திருப்பின் இத்துணைச் செவிசாய்ப்பு கிடைத்திருக்குமா என்பது ஐயமே. டொலர்த் தட்டுப்பாட்டை அறிந்தவனிடம் அதே தட்டுப்பாட்டை அறிந்தவன் கேட்கும் கேள்வி வேறு. எந்தப் பட்டியல், எந்தக் களஞ்சியம், யார் கையொப்பம் என்று அவன் கேட்பான்.

அத்தகைய கேள்விகளுக்கு இன்று பாக்கு நீரிணைக்கு அப்பால் விடை உண்டு. தமிழ்நாடு 1994இல் நிறுவிய மருத்துவப் பணிகள் கழகம் பொதுப்பெயர் மருந்துகளை மொத்தமாக வாங்கி, தரம் சோதித்து, மாவட்டக் களஞ்சியங்கள் வழியே வழங்குகிறது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் வங்கிப் புத்தகம் போன்ற ஒரு கணக்குப் புத்தகம் உண்டு. தன் ஒதுக்கீட்டுக்குள் தனக்கு வேண்டியதை அது பெற்றுக்கொள்ளும். கேரளமும் ராஜஸ்தானும் இதனைப் பார்த்துத் தாமும் அமைத்துக்கொண்டன.

இலங்கை 2015இல் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைச் சட்டத்தை இயற்றி, பிபிலே விட்ட இடத்தை ஒருவாறு தொட்டது. எனினும் 2022 மார்ச்சிலே மருந்தின்மையால் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை இடைநிறுத்தியது வேறெங்குமன்று, பேராதனைப் போதனா வைத்தியசாலையிலேதான். டொலர் இல்லாத குறையைக் களஞ்சிய ஒழுங்கு மட்டும் தீர்த்திராது; எது முதலில் தீரும் என்பதையாவது முன்கூட்டி உரைத்திருக்கும். அவ்வாண்டு மே மாதம் சென்னையிலிருந்து அரிசியும் பால்மாவும் மருந்தும் கப்பலில் வந்தன.

உதவிக்குக் கப்பல் வேண்டும். கற்பதற்கோ, மடவளையிற் பிறந்து தமிழிற் படித்த மருந்தாளர் ஒருவர் தமிழ்நாட்டுக் களஞ்சியமொன்றில் ஒரு கிழமை அமர்ந்து அக்கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தாற் போதும். மொழிபெயர்ப்பாளரும் வேண்டியதில்லை, ஒரு விமானச் சீட்டும் கடமை லீவுமே அதற்காகும் செலவு.